மக்கவார்டு வீட்டுச் சம்பந்தி

"அது என்னடி பேரு, முனிசிபாலிட்டி வார்டு மாதிரி?"

சொர்ணலட்சுமி கேட்டதும் ஹர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மோராவிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்ததை சொர்ணலட்சுமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மோரா, ஹர்ஷினியின் மாமியார். அயர்லாந்திலிருந்து மருமகளோடு முந்தாநாள்தான் சிவகாசிக்கு வந்து இறங்கியிருந்தார்.

"வார்டு இல்லம்மா, மக்கவார்டு. 'மக்'குன்னா அங்கேயும் மகன்தான். பாட்டுக் கட்டுறவரோட மகன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ராஜாக்களுக்குப் பாட்டெழுதின பரம்பரை. பின்னாடி நிறையப் பேரு வார்டுன்னு சுருக்கிக்கிட்டாங்க. எங்க ஊர்ல முழுப் பேரை இன்னும் வச்சிருக்கிறது எங்க வீடு மட்டும்தான்."

"எங்க ஊரா? அப்ப இது யாரு ஊரு?"

ஹர்ஷினி மோராவின் கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். தண்ணீரோடு கையில் கொடுத்தாள். முதுகுக்கு ஒரு தலையணையை வைத்தாள். "ஓகேவா மாம்?" என்றாள்.

மாம். அந்தச் சொல் சொர்ணலட்சுமிக்கு மிளகாய் கடித்த மாதிரி இருந்தது. அவளுக்கும்தான் மூட்டுவலி. தினமும் தானே மாத்திரையைத் தேடி, தானே விழுங்குகிறாள்.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். திருத்தங்கல் அச்சகத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்த ராஜபாண்டியன் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீகளா உங்க மகளை? ரா. ஹர்ஷினின்னு அம்புட்டு அழகா எழுதுவா. இப்ப உங்க இனிசியலையும் கழத்திப் போட்டுட்டு, வாயில நுழையாத பேரைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுதா."

"விடு சொர்ணம். பிள்ளை சிரிக்கிது. அதைப் பாரு."

"சிரிக்கட்டும். என்கூடச் சிரிக்கக் கூடாதா? நான் போன் பண்ணா ரெண்டு வார்த்தை. அவுக கூட ராத்திரியும் பகலும் பேச்சு. பெத்தவ நானா, அவுகளா?"

"சத்தம் போடாத. கேட்ரும்."

"கேட்டாத்தான் என்ன? தமிழா தெரியும்?"

சாப்பாட்டு மேசையிலும் அவளுக்கு ஆறவில்லை. மகளுக்குப் பிடிக்குமென்று காலையிலேயே நாட்டுக்கோழி வாங்கிவரச் சொல்லி, மசாலா அரைத்துக் குழம்பு வைத்திருந்தாள். ஹர்ஷினி தன் தட்டைத் தொடவில்லை. எலும்பைப் பார்த்துப் பார்த்து எடுத்து, மோராவின் தட்டில் கறியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ ஹர்ஷினி, ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன் தாயி."

"முடியாதும்மா. அடுத்த வாரம் மாமுக்கு டாக்டரைப் பார்க்கணும். தனியா அனுப்ப முடியாது."

"தனியா, தனியா! நான் இங்கன தனியா இல்லையா?"

"உனக்கு அப்பா இருக்காகல்ல."

அதற்கு மேல் சொர்ணலட்சுமியால் அடக்க முடியவில்லை. கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டாள்.

"கேளு அவுககிட்ட. எம்மகளை என்கிட்ட இருந்து பிரிச்சு வச்சிருக்கீகளே, எப்பத்தான் திருப்பித் தருவீகன்னு கேளு! அவுக வீட்டுப் பேரு அழிஞ்சுபோகாம இருக்க எம்புள்ளதான் கெடைச்சாளான்னு கேளு!"

"அம்மா, பேசாம இரு."

மோரா எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஹர்ஷினியின் கையைத் தொட்டு என்னவோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். மோரா விடவில்லை. ராஜபாண்டியன் பக்கம் திரும்பினார். அச்சகத்துக்கு வரும் வெளிநாட்டு மெஷின்காரர்களோடு பேசிப் பழகியவர் அவர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவர் தயங்கித் தயங்கி மனைவி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டார்.

சொர்ணலட்சுமி சண்டைக்குத் தயாராக நின்றாள்.

மோராவுக்குக் கோபம் வரவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சொர்ணலட்சுமியின் கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். பாதியிலேயே ஹர்ஷினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இதைச் சொல்லத்தான் இங்க கூட்டிட்டுப் போன்னு சொன்னீங்களா மாம்?" என்று தமிழிலேயே கத்தினாள். பிறகு மாடிப்படியில் ஏறி ஓடினாள். மேலே கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

மோரா பேச்சை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் சொர்ணலட்சுமியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். சொர்ணலட்சுமி கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை.

"என்னங்க, என்ன சொல்லுதாக? மகளை விட மாட்டேங்காகளா?"

ராஜபாண்டியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"'எம்மகன் செத்து ரெண்டு வருசமாச்சு, பெத்தவுக நீங்க பிள்ளையத் திருப்பிக் கேட்பீக கேட்பீகன்னு இருந்தேன், நீங்களும் கேட்கல, அதான் நானே வந்துட்டேன்'ங்கிறாக சொர்ணம். 'எங்க பேரு என்னோட முடிஞ்சு போகட்டும், உங்க மகளுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையாப் பாருங்க'ங்கிறாக."