இத்வாலின் தக்கை அங்கி

ஞாயிறு ஆராதனையின் நடுவில் ஆபத்து வெடி கேட்டது. எங்கள் போர்த்வென் துறையின் மீட்புப் படகுக்கு எட்டுத் துடுப்புகள். துடுப்புப் போட ஓடி வந்து சேர்ந்தவர்கள் ஏழு பேர். எட்டாவது ஆளான இத்வால் மார்ச்சில் மூழ்கிப்போனான். மூழ்கியவனின் தக்கை அங்கியை, தண்ணீரில் மிதக்க நாங்கள் போடும் அந்த உடுப்பை, ஒரு வருடத்துக்குப் படகுக் கொட்டகை ஆணியிலிருந்து எடுக்க மாட்டோம். அவன் இடத்தில் யாரும் உட்காரவும் கூடாது.

"ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் மூணு. படகு வட்டம்தான் போடும்," என்றார் சுக்கான் பிடிக்கும் ஹாப்கின்.

படகை இழுக்க வடம் பிடித்து நின்ற பெண்களில் இத்வாலின் மனைவி மெரெரித் முதலில் இருந்தாள்.

"கப்பல் உடைஞ்சு மூணு பேர் பாறையில தொங்கிட்டிருக்காங்க, நீங்க கணக்குப் போடுறீங்களா மாமா? ஏறுங்க!"

ஏறினோம். கொட்டகையை அவளே பூட்டினாள். படகு வட்டமடிக்கவில்லை, நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. மூவரையும் உயிரோடு கொண்டுவந்தோம்.

மெரெரித் பூட்டைத் திறந்தாள். இத்வாலின் அங்கி ஆணியில்தான் தொங்கியது. அதிலிருந்து கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதை ஆணியிலிருந்து எடுத்து, உதறி, வெளியே வெயிலில் மாட்டினாள்.

"சீக்கிரம் காயட்டும். அடுத்த வெடி எப்போ கேக்கும்னு யாருக்குத் தெரியும்?"