பூஜ்யம் போட்ட காது

இடது காது வேகவைத்த பீட்ரூட் போலச் சிவந்து, தலையை விட்டுத் தனியே நின்றது.

அந்தக் காதோடுதான் முன்திர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கார் சாவியால் காது குடைந்ததில் வந்த வினை. தோலில் பிடித்த தொற்று கன்னம்வரை இறங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. உடனே படுக்கையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்று எழுதிவிட்டு, டாக்டர் ஸுஹைர் தன் தம்பி கல்யாணத்துக்காக ஜோர்டானுக்கு விமானம் ஏறக் கிளம்பிவிட்டார்.

என்ன நோய் என்ற இடத்தில், 'வெளிக்காதுத் தோலில் தொற்று' என்று எழுதியிருந்தார்.

எந்தக் காது என்று எழுதவில்லை.

அஜ்மானில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் எழுதும் நோய்களை எண்களாக மாற்றி இன்சூரன்ஸுக்கு அனுப்புவது ரபாபின் வேலை. இந்த நோய்க்கான எண்ணில் கடைசி இலக்கம்தான் காதைச் சொல்லும். வலது என்றால் ஒன்று. இடது என்றால் இரண்டு. டாக்டர் சொல்லாவிட்டால் பூஜ்யம்.

ரபாப் பூஜ்யம் போட்டு அனுப்பினாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தது. எந்தக் காது என்று தெளிவில்லை, அதனால் அனுமதி இல்லை.

ரபாப் தலையை நிமிர்த்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு போட்டுவிடக் கை துறுதுறுத்தது. போடக் கூடாது. டாக்டர் எழுதியதைத்தான் அவள் எண்ணாக்கலாம். தன் கண்ணால் கண்டதை எழுதினால் பொய்க் கணக்கு என்று வேலை போய்விடும்.

டியூட்டி டாக்டரைக் கூட்டி வந்து காட்டினாள். "இடதுதான். இதுல என்ன சந்தேகம்?" என்றார் அவர். அதை எழுதித் தரச் சொன்னதும், காது தன் துறை இல்லை என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த நேரத்துக்கு வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியை உடைத்திருப்பார்கள். முன்திர் உடம்பு நடுங்க, சால்வையைப் போர்த்திக்கொண்டு பேசாமல் இருந்தார்.

ரபாபுக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், பணத்தைக் கையில இருந்து கட்டிடுங்களேன். இப்பவே ஊசி போட்டுருவாங்க. அப்புறமா இன்சூரன்ஸ்ல கேட்டு வாங்கிக்கலாம்."

"கட்டினா திரும்ப வராதும்மா," என்றார் அவர் அமைதியாக.

"அங்க ஏசியில உக்காந்துக்கிட்டு வேணாம்னு தட்டி விடுறானே, அவனுக்கு ஒரு தடவை இப்படி வீங்கணும். அப்பத் தெரியும்."

முன்திர் சிரிக்கப் பார்த்தார். பாதி முகம்தான் அசைந்தது.

"அவங்க மேலயும் தப்பில்லம்மா. டாக்டர் எழுதியிருக்கணும்."

இவ்வளவு வேதனையிலும் அடுத்தவனைக் குறை சொல்லாத மனுஷன். எங்கிருந்துதான் இப்படிப் பொறுமை வருமோ என்று ரபாப் நினைத்துக்கொண்டாள். இந்த ஆளுக்காகவாவது விடக் கூடாது.

டாக்டர் ஸுஹைரின் போன் ஒருவழியாகக் கிடைத்தது. பின்னால் விமான நிலையத்து அறிவிப்புகள் அலறின.

"காதுன்னா காதுதானே ரபாப்? அந்த ஆளுக்கு என்ன பத்துக் காதா இருக்கு?"

"ரெண்டுதான் டாக்டர். அதுல எதுன்னு கேக்குறாங்க."

"எது வீங்கியிருக்கோ அதைப் போடேன்!"

"நான் போடக் கூடாது. நீங்கதான் எழுதணும்."

டாக்டருக்கு நினைவு வரவில்லை. காலையிலிருந்து பார்த்த காதுகள் எல்லாம் அவர் தலைக்குள் ஒரே காதாகிவிட்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார் போலிருக்கிறது.

"எனக்கு எதிர்ல உக்காந்திருந்தார். ஜன்னல் பக்கத்துக் காது. ஜன்னல் எனக்கு வலது. அப்ப அவருக்கு… இரு, கூப்பிடுறாங்க… அவருக்கு இடது. இடதா?"

ரபாப் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னாலும் அவள் சொன்னதாகிவிடும்.

"இடதுதான்," என்றார் டாக்டர். விமானத்துக்கு வரிசையில் நின்றபடியே, போனிலிருந்தே நோய்க் குறிப்பில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தார்.

பூஜ்யம் இரண்டானது. ரபாப் மறுபடி அனுப்பினாள். அனுமதி வந்துவிட்டது.

சக்கர நாற்காலியை அவளே வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அது அவள் வேலை இல்லை. நர்ஸ் இடது கையில் ஊசியைக் குத்தி மருந்தை இறக்கிவிட்டதும், தலையணையை நிமிர்த்தி வைத்தாள். தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். சொந்த அண்ணனைப் படுக்க வைத்த நிம்மதி அவளுக்கு.

முன்திரின் போன் அடித்தது. வலது கையால் எடுத்து, வலது காதில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு… இல்ல, லீவு. உடம்பு சரியில்ல. பரவாயில்ல, கேளு… யாரு, சின்னப் புள்ளையா? நாலு வயசா?"

குரலில் அவ்வளவு கனிவு. ரபாப் போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டாள்.

"காய்ச்சல் இருக்கா? பாவம்… சரி, எந்தக் காதாம்?"

அந்தப் பக்கம் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்.

"எழுதலையா? அப்பத் திருப்பி அனுப்பிடு."

போனை வைத்துவிட்டு ரபாபைப் பார்த்து, பாதி முகத்தால் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஆபீஸ்ல இருந்து."