கடைசியாகச் சிரிப்பவர்

கேபிள் டிவிக்காகக் குணபாலன் பதினெட்டு வருடம் இயக்கிய நகைச்சுவைத் தொடர்கள் அத்தனைக்கும் பின்னணியில் ஒரே சிரிப்பொலிதான். எப்போதோ ஒரு கல்யாண மண்டபத்தில் பதிவு செய்தது. அதில் கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு ஓர் ஆள் மட்டும் தனியாகச் சிரிப்பார். அவரை வெட்டக் குணபாலனுக்கு மனம் வரவில்லை. அவருக்காகவே ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னும் நடிகர்களை இரண்டு நொடி கூடுதலாக நிற்கப் பழக்கியிருந்தார். தன் ஜோக்குக்கு நிஜமாக யாரும் சிரித்து அவர் கேட்டதில்லை. சேனலை மூடிய பிறகு, அதே நடிகர்களை வைத்து முதன்முறையாக மேடை நாடகம் போட்டார். "யாரும் சிரிக்கலைன்னா பழைய சிரிப்பைப் போட்டுடுப்பா" என்று ஒலி அமைப்பாளர் சூசையிடம் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்றார். முதல் ஜோக்குக்கே அரங்கம் சிரித்தது. ஓய்ந்தது. நடிகை செங்கமலம் பழக்க தோஷத்தில் இரண்டு நொடி நின்றாள். ஓர் ஆள் தனியாகச் சிரித்தார். அதே சிரிப்பு.

"அதான் சிரிக்கிறாங்கல்ல, எதுக்குப்பா போட்டே?"

சூசை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "நான் எதையும் தொடலையே சார்."

குணபாலன் ஸ்பீக்கர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாடா" என்றார். "ஆள் இன்னும் இருக்காரு."