கொடுத்து வைத்தவன்

இன்னொருத்தன் பெண்டாட்டியை இப்படி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பது தப்பு என்று பவுலுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

அடுக்களையில் அந்தப் பெண் நன்றாகக் கனிந்த வாழைப்பழங்களைக் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தாள். ஓட்ஸ், பால், முட்டை, கொஞ்சம் பட்டைத்தூள், ஒரு கரண்டி கருப்பட்டிப் பாகு. எல்லாவற்றையும் கலக்கித் தட்டில் ஊற்றி, மேலே மாம்பழத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தாள்.

"காலையிலேயே யாருக்கு இவ்ளோ பாடு?" என்றார் பவுல்.

அவள் திரும்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரவுகளுக்கு."

பவுலுக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டுக்கு எப்போது வந்தோம், எதற்கு வந்தோம் என்பது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவனுக்கு ஊருக்குள் சாப்பிட எத்தனையோ வீடு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் இவளைப் போல ஒருத்தியை வேறெங்கும் பார்த்ததில்லை. அது மட்டும் நிச்சயம்.

"ஏன், இட்லி, ஆப்பமெல்லாம் அந்த ஆளுக்கு எறங்காதோ?"

"கொழுப்பு கூடிப்போச்சு, ஓட்ஸ் குடுங்கன்னுட்டாரு டாக்டர். கஞ்சியாக் காச்சிக் குடுத்தா, போஸ்டர் ஒட்டவான்னு கேட்டுத் தள்ளி வச்சுருதாவ. மஸ்கட்ல இருக்க எங்க மக ஷெர்லின்தான், பழம் போட்டு ஓவன்ல வையிம்மான்னு சொல்லிக்குடுத்தா."

மகள் வேறு இருக்கிறாள். கொடுத்து வைத்தவன்!

அவள் தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவை மூடினாள். சற்று நேரத்தில் பழமும் பட்டையும் சேர்ந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. அந்த வாசனைகூட இன்னொருத்தனுக்குச் சொந்தம் என்று நினைக்கையில் பவுலுக்கு வயிறு எரிந்தது.

"ஓரம் நல்லா முறுகணும். நடுத்துண்டக் குடுத்தா மொகத்தத் திருப்பிக்கிடுவாவ," என்று சொல்லி அவள் தனக்குள் சிரித்தாள்.

"ரொம்பத்தான் செல்லம் குடுத்து வச்சிருக்கிய," என்றார் பவுல் கடுப்பாக. "இவ்ளோ செய்யிதியளே, அவன் உங்கள நல்லா வச்சிருக்கானா?"

"நல்லாத்தான் வச்சிருந்தாவ." அவள் குரல் இறங்கியது. "இப்பக் கொஞ்ச காலமாச் சரியில்ல. பேரு சொல்லி என்னயக் கூப்பிட்டே ரொம்ப நாளாச்சு. பக்கத்துலதான் இருப்பாவ, நெனப்பு வேற எங்கயோ இருக்கும்."

"வேற எவளும் இருக்காளா?"

"யாரு கண்டா? சில நாளு ஆசையாத்தான் பாக்காவ. என்னயத்தான் பாக்காவளான்னு தெரியல."

பவுல் மேசையை ஓங்கித் தட்டினார். "எங்க அவன்? வரச் சொல்லுங்க. நான் கேக்கேன்!"

"வருவாவ. எப்பயாச்சும் வருவாவ," என்றபடி அவள் துணியைப் பிடித்துத் தட்டை வெளியே எடுத்தாள்.

மாம்பழம் உருகிப் பொன்னிறமாகப் படிந்திருந்தது. முறுகிய ஓரத்துத் துண்டை வெட்டி பவுலின் முன்னால் வைத்தாள். கேட்காமலே சுக்குக்காப்பியும் வந்தது.

"இது அவனுக்குள்ளதுல்லா?"

"நீங்க சாப்பிடுங்க. ஆறிப்போவும்."

பவுல் வாயில் போட்டார். அப்படியொரு ருசி. வரப்போகிறவனுக்கு இனி நடுத்துண்டுதான் என்று நினைத்ததும் ருசி இன்னும் கூடியது. இவள் மனத்திலும் ஏதோ இருக்கிறது. இல்லாவிட்டால் புருசனுக்கு உள்ளதை எடுத்து யாராவது அடுத்தவனுக்கு வைப்பாளா?

"உங்க பேரு என்ன?"

கத்தி அப்படியே அவள் கையில் நின்றது. "பேபி."

"பேபி," என்று பவுல் சொல்லிப் பார்த்தார். நாக்குக்குப் பழகிய பேர் போல இருந்தது. "பேபி... நல்ல பேரு."

அவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் பவுலால் பொறுக்க முடியவில்லை.

"நாஞ் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய. பேரச் சொல்லிக் கூப்பிடக்கூட மனசு இல்லாதவன் உங்களுக்கு எதுக்கு? விட்டுத் தள்ளுங்க அவன. என்னயக் கெட்டிக்கிடுங்க. ஒரு நாளும் கண்ணுல தண்ணி வர விடமாட்டேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. செருப்பைக் கழற்றப் போகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தாடையில் ஒட்டியிருந்த ஓட்ஸைத் தன் விரலால் துடைத்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"ஒருதடவ உங்களக் கெட்டுனது பத்தாதாக்கும்?"