இரண்டு பிளாப்பிக்கும் பொட்டு

“பிளாப்பிக்கு யாருய்யா பொட்டு வெச்சது?”

முதலாளி சக்கரபாணி போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவன்கூட நின்று பார்த்தான்.

விழுப்புரத்தில் எங்களுடையது சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ். கண் ஆபரேஷன் முகாமுக்குப் பதிந்த அறுநூறு பேர் பட்டியலை ஒரு மாசம் உட்கார்ந்து அடித்தவன் நான். ஆயுத பூஜை முடிந்து வந்து பார்த்தால், அந்தப் பட்டியல் பதிந்திருந்த பிளாப்பியின் ஓட்டை வழியாகத் தெரியும் கறுப்புத் தகட்டிலேயே காய்ந்த சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டர் படிக்கவே மாட்டேன் என்கிறது.

“நான்தாங்க,” என்றாள் பெருக்கித் துடைக்கும் வெள்ளையம்மாள்.

“அறிவிருக்காக்கா உனக்கு? அது என்ன அம்மிக்கல்லா?” நான்தான் கத்தினேன்.

“கேசட்டுல வெச்சா அழிஞ்சிடும்னு மெட்ராஸ் போய் ஜப்பான் பிளாப்பியா பார்த்து வாங்கியாந்தேன். பத்து வருஷம் தாங்கும்னான். உன்கிட்ட ஒரு பூஜை தாங்கலை! நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே,” என்றார் முதலாளி.

வெள்ளையம்மாள் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

“நீங்கதானே சொன்னீங்க, ஒரு சாமான் வுடாம பொட்டு வெய்யின்னு? உங்க மூக்குக் கண்ணாடி கூட்டுக்குக்கூட வெச்சேன். அதுக்கு ஒண்ணும் சொல்லலையே!”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, சரி, போய் வேலையைப் பாரு.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“திண்டிவனம் கிளையில இன்னொரு காப்பி இருக்குல்ல? போன் போடுடா.”

பத்தாவதோடு நின்ற எனக்கு இதை விட்டால் வேறு யார் வேலை தருவார்?

“அதுவும் இங்கதான் சார் இருக்கு. பொட்டோட.”

“இங்க எப்படிடா வந்துது?”

நான் வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மாள் முந்திக்கொண்டாள்.

“நான்தாங்க தம்பிய எடுத்துகினு வரச் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமா அது மட்டும் மூளியா இருக்கலாமா?”

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

“உங்க ரெண்டு பேரையும் வெச்சிக்கினு ஒரே பேஜாரு! ஜனங்க பேரு எழுதிக் குடுத்த பாரமெல்லாம் கட்டுக்கட்டா இருக்கு. முகாமுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. உட்கார்ந்து மறுபடி அடி.”

அவர் டீ குடிக்கப் போனார். நான் வெள்ளையம்மாளைப் பார்த்தேன். இரண்டு பிளாப்பியும் கிடக்கும் பீரோவை, தினமும் துடைப்பது போல இன்றைக்கும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா பார்த்துகினு நிக்கிற? ஜல்தி அடி தம்பி,” என்றாள்.

சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி, ஒரு காப்பியைத் திண்டிவனத்தில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் முதலாளி. நான் ஒரு வாரம்கூடப் போனதில்லை.