நூலில் கட்டிய பென்சில்

இங்கிலாந்தின் மீன்பிடி ஊரான லோஸ்டாஃப்டில், தேவாலயக் கூடத்தில் மழை ஈரம் மணக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று இன்று நாடே ஓட்டுப் போடுகிறது. இவ்வளவுதான் மீன் பிடிக்கலாம் என்று ஐரோப்பா போட்ட பங்கீட்டால் படகை இழந்த அப்பா, சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுக்கிறார். "பென்சில்ல போட்டா அழிச்சிருவானுங்க." சீட்டு கொடுக்கும் டோரீன் சிரிக்கிறாள். "உளி வேணும்னாலும் கொண்டா லென்னி, எல்லாம் செல்லும்." எங்கள் வீட்டில் முதலில் சட்டம் படித்தவள் நான். "யாரும் அழிக்கவே வேணாம்ப்பா. இது வெறும் யோசனை கேக்கறதுதான். முடிவு பார்லிமென்ட்டோடது." அப்பா நிதானமாகத் திரும்புகிறார். "அப்ப என்னை எதுக்குடி கேக்குறான்?" நாடாளுமன்றமே மேல் என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன்; இதற்கு அதில் ஒரு வரி இல்லை. அப்பா ஓட்டுப் போடும் தடுப்புக்குள் போகிறார். பேனா மை வராமல் கீறுகிறது. பிறகு அங்கே நூலில் கட்டி வைத்திருக்கும் பென்சில் இழுபடும் ஓசை. அவர் வந்ததும் நான் நுழைகிறேன். மெல்லிய பலகையில், ஓட்டுக்காக அவர் சீட்டில் அழுத்திப் போட்ட பெருக்கல் குறி பள்ளமாகப் பதிந்திருக்கிறது. அதன்மேல் என் சீட்டை விரிக்கிறேன். பென்சில் அந்தப் பள்ளத்தில் இடறுகிறது.