பல் சோதனை

"கையை எடு. வாயைத் திற."

குள்ளம்மாள் கையை எடுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

"பத்தாங்கிளாஸ் வந்துட்ட. பல்லு தேய்க்க நான் சொல்லிக் கொடுக்கணுமா?" ஞானசவுந்தரி டீச்சர் பிரம்பால் அவள் முகவாயை நிமிர்த்தினார்.

உதடு பிரிந்தது. முன்பற்கள் எல்லாம் மஞ்சள் கோடும் பழுப்புத் திட்டுமாக இருந்தன. வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள், வாயை மூடிக்கொண்டுதான். அவர்கள் பல்லும் அதே லட்சணம்.

"தேச்சேனுங்க டீச்சர். வேப்பங்குச்சியில தேச்சேனுங்க."

"பொய் வேறயா?"

"எங்கூர்ல எல்லாருக்கும் இப்படித்தானுங்க."

"அப்ப ஊரே பல்லு தேய்க்கறதில்லைன்னு அர்த்தம்."

எண்பத்து நாலாம் வருஷம், பள்ளிக்கூடம் திறந்த முதல் திங்கட்கிழமை. இண்டூரிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த அந்தச் சின்ன உயர்நிலைப் பள்ளியில் திங்கள்தோறும் பிரேயர் முடிந்ததும் பல் சோதனை உண்டு. விஞ்ஞான டீச்சர் ஞானசவுந்தரி கொண்டுவந்த வழக்கம் அது. சாத்தான்குளத்துக்காரர், கணவர் மிலிட்டரியில். ஆறு வருஷத்துக்கு முன் கைக்குழந்தையோடு இங்கே வேலைக்கு வந்தவர். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். அந்த உயிரை வைத்து ஊரார் உயிரை வாங்கினார்.

கைக்குழந்தையாக வந்த பியூலா இப்போது ஒன்றாம் வகுப்பு. அன்று அவளையும் பிரேயர் மேடையில் ஏற்றினார் டீச்சர்.

"சிரி பாப்பா."

பியூலா சிரித்தாள். பால் பற்கள் பளீரென்று இருந்தன.

"பாத்தீங்களா? ஆறு வயசுக் குழந்தை. உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

மற்றவர்களுக்கு ஆளுக்கொரு அடியோடு போயிற்று. குள்ளம்மாள் எதிர்த்துப் பேசிவிட்டாள் அல்லவா, அவளுக்குத் தனித் தண்டனை. பல் வெளுக்கிற வரைக்கும் விஞ்ஞான வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். சாயங்காலம் பள்ளிக்கூடத்து அடிபம்பில் தண்ணீர் அடித்து டீச்சர் வீட்டுக் குடங்களை நிரப்ப வேண்டும். டீச்சர் வீட்டில் வந்த நாளிலிருந்து குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் சர்தார் மெதுவாக ஆரம்பித்தார்.

"பாவம் டீச்சர் அந்தப் பொண்ணு. நர்ஸ் ஆவணும்னு சொல்லிக்கிட்டு திரியுது. வெளிய நின்னா எப்படிங்க பாஸ் பண்ணும்?"

"பல்லு தேய்க்காதவ நர்ஸா? நோயாளி எந்திரிச்சு ஓடிருவான்."

"இல்லீங்க... இது இந்தப் பக்கத்துத் தண்ணியில இருக்கற ஏதோ உப்பு பண்ற வேலையா இருக்கும்னு சில பேரு பேசிக்கிறாங்க."

"அதே தண்ணியத்தானே சார் நானும் இத்தன வருஷமா குடிக்கேன்? எம் பல்லப் பாருங்க. எம் புள்ள பல்லப் பாருங்க." டீச்சர் ஈ என்று காட்டினார். சர்தார் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.

குள்ளம்மாள் சாம்பலில் தேய்த்தாள், உப்பில் தேய்த்தாள். கடைசியில் செங்கல்லை இடித்துத் தூளாக்கித் தேய்த்தாள். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. கறை மட்டும் போகவில்லை. யாரோடு பேசினாலும் கையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் எழுதினாள். சாயங்காலம் குடங்களை நிரப்பிவிட்டு டீச்சர் வீட்டு வாசலில் பியூலா பார்க்க இன்னொரு முறை செங்கல் தூளில் பல்லைத் தேய்ப்பாள், பிறகு அவளோடு கொஞ்ச நேரம் விளையாடுவாள். குள்ளம்மாளைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்காத பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அது ஒன்றுதான்.

பொங்கல் லீவு முடிந்து அவள் வரவில்லை. அவள் அம்மா நஞ்சம்மாள்தான் வந்தாள்.

"புள்ள பேர எடுத்துருங்க டீச்சர். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு அனுப்பிட்டேனுங்க."

"பரீட்சைக்கு ரெண்டு மாசந்தானே இருக்கு?"

"நானுந்தான் சொன்னேனுங்க. வெளியில நின்னு படிக்கறதுக்கு வெயில்ல கல்லு தூக்கறேன்னுட்டு போயிருச்சு." நஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வாயெல்லாம் வீங்கிப்போயி, வூட்டுல ஒரு வாய் சோறு திங்க முடியாம கெடந்துச்சுங்க."

டீச்சருக்கு என்னவோ போல்தான் இருந்தது. ஒரு பிள்ளையைத் திருத்தப் பார்த்தது தப்பா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தப்பில்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

பிறகு பரீட்சைக் காலம். பாலக்கோட்டில் டியூட்டி. காலையில் முதல் பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு திரும்பும் டீச்சருக்கு, வீட்டில் பிள்ளை முகத்தை நின்று பார்க்கவும் நேரமில்லை. ஏப்ரல் கடைசியில் பரீட்சையெல்லாம் முடிந்த ஒரு காலையில்தான் கவனித்தார். பேசும்போதெல்லாம் பியூலா கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எல்லாம் அந்தக் குள்ளம்மாகிட்டப் பழகிப் படிச்ச பழக்கம்" என்று எரிச்சல்பட்டார். "கையை எடு."

பியூலா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"விழுந்த பல்லுக்குப் புதுப்பல்லு வந்திருச்சான்னு பாக்கேன். வாயைத் திற."

பிள்ளை பின்னால் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. டீச்சர் அந்தச் சின்னக் கையைப் பிடித்து இழுத்தார்.

கீழ் வரிசையில் இரண்டு புதுப் பற்கள், மஞ்சள் கோடும் சுண்ணாம்புத் திட்டுமாக முளைத்திருந்தன. ஈறில் ரத்தம் கசிந்தது. உதட்டோரம் செங்கல் தூள் ஒட்டியிருந்தது.

"அக்கா மாதிரியே தேச்சுப் பாத்தேம்மா, போகவே மாட்டேங்குது" என்று பியூலா விசும்பினாள். "பள்ளிக்கூடம் தெறந்தா திங்கக்கிழமை நானும் வெளியில நிக்கணுமாம்மா?"